கசிவுச் சோதனை

யாரும் குடியேறாத நான்காம் மாடியில் காற்றுமானி எண்ணூற்று நாற்பது காட்டியது. ஆளில்லாத கூடத்தில் கரியமிலவாயு நானூறைச் சுற்றித்தான் நிற்கும். அதற்கு மேல் ஏறினால் பலபேர் மூச்சுவிடுகிறார்கள் என்று பொருள். மதிப்பீட்டாளர் கருவியைத் தட்டினார். எண்ணூற்று அறுபது. எண்களோடு பேரம் பேசிப் பழகியவர்தான். இந்த எண் படியவில்லை.

பசுமைக் கட்டடச் சான்றுக்கான அறிக்கையைப் போன மாதமே அனுப்பியிருந்தார், பக்கத்து இரட்டைக் கட்டடத்தின் அளவுகளை அப்படியே ஒட்டி. ஒரே வரைபடம், ஒரே கண்ணாடி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நினைத்தார். மேலிடம் மோப்பம் பிடித்துவிட்டது. இன்று மாலை ஐந்துக்குள் உண்மையான அளவுகள் போகாவிட்டால் உரிமம் ரத்து. பதினெட்டு வருடத் தொழிலுக்கு அதோடு முழுக்கு.

வாசலில் பொருத்திய பெரிய விசிறி, சுவர் இடுக்குகளைக் காட்டிக்கொடுக்க, உள்காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அதை வெளியில் நின்று இயக்கியவர் அவர் மனைவியின் அண்ணன், கட்டட மேற்பார்வையாளர். மதிப்பீட்டாளர் நுழைந்த பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவையும் வெளிப்புறம் டேப் ஒட்டி அடைத்தாயிற்று.

தொலைபேசியில் கேட்டார். "மச்சான், உள்ள வேலையாள் யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"உங்களத் தவிர ஈ எறும்பு கிடையாது மாப்ள. காத்தே இல்லாம அடைச்சிருக்கோம், ஆளு எங்கேருந்து வரும்?"

ஆயிரத்து நூறு.

புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் இன்னொன்று மெல்ல எழுந்தது: வெகுநேரம் மூடிய வாய்களின் புளித்த வெதுவெதுப்பு. கசிவு தேடும் புகைக்குச்சியைப் பற்றவைத்தார். புகை விசிறிப் பக்கமாக நூல்போல் சாய்ந்தது. கூடத்தின் நடுவே, தூணோ சுவரோ இல்லாத இடத்தில், அவர் முக உயரத்தில், நூல் அறுந்து ஒரு புள்ளிக்குள் போனது. திரும்பி வந்தது. போனது. வந்தது.

இரண்டடி தள்ளி நீட்டினார். அங்கேயும்.

இடுப்பு உயரத்தில் ஒன்று. வேகமாக. சின்ன மூச்சு.

"மச்சான், கதவத் திறங்க! அறிக்கையும் வேணாம் ஒண்ணும் வேணாம்!"

"விசிறிச் சத்தத்துல கேக்கல மாப்ள. கதவா? இருங்க, வரேன்."

ஓடினார். பாதியில் கால்கள் நின்றன.

கதவின் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்திருந்தது. வாயளவு வட்டங்கள். மேலே, கீழே, நெருக்கியடித்து. ஒன்று மங்க, பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் அவருக்கு முன்பே வந்து காத்திருந்தவை.

கண்ணாடிக்கு அப்பால் மச்சானின் சிரித்த முகம்.

"வேணாம்! திறக்காதீங்க! மச்சான், கையெடுங்க!"

"வந்துட்டேன்ல, ஏன் பறக்குறீங்க?"

டேப் சர்ரென்று உரிந்தது. வட்டங்கள் அத்தனையும் கைப்பிடிப் பக்கம் நகர்ந்தன.