அம்லான் சாலையில் கொதித்த வண்டி

வெள்ளிக்கிழமை காலை 7.40. அம்லான் போகும் கடற்கரைச் சாலையில், பன்னிரண்டு பயணிகளோடு, ரெனானின் குட்டி வேன் நான்காவது முறையாகக் கொதித்து நின்றது. மீன்கூடைக்காரி இறங்கும்போதே சாபம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"உங்கண்ணன் கைவச்சா வண்டி இப்படித்தான் சாகும்" என்று ரெனான் நெற்றியிலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை அவன் ஞானத்தந்தையா நிக்க வேணாம். வேற ஆளப் பாரு."

அவன் மனைவி கிளாரிபெல் முன் சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் தேங்காய் லாரியின் பின்னால் மோதி வண்டியின் மூக்கு நசுங்கியது, ரெனானின் நெற்றியும் கிழிந்தது. ரேடியேட்டரும் அதன் பின்னால் சுழலும் மின்விசிறியும் அப்பளம். புதிதாக இரண்டையும் போட்டு, தகரத்தைத் தட்டி நிமிர்த்தியவன் அவள் அண்ணன் நெஸ்டர். அவனுக்குப் பிள்ளையில்லை. பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை ஷூ வாங்கி ஒரு மாதமாக டப்பாவில் வைத்துக் காத்திருக்கிறான். வேறு ஆள் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

வண்டி ஆறும்வரை சும்மா இருப்பானேன் என்று புருஷனிடமே விசாரணையைத் தொடங்கினாள்.

"தண்ணி?"

"காலையில ரொப்பினேன்."

"ஒழுகுதா?"

"சொட்டுகூட இல்ல."

"ஃபேன்?"

"ஜோரா சுத்துது."

"எப்பக் கொதிக்குது?"

"மார்க்கெட்ல ஆமையா ஊர்ந்தா ஒண்ணுமில்ல. ரோடு காலியாகி நாப்பதுல போனா பொங்கிடுது."

அங்கேதான் அவளுக்கு இடித்தது. நெரிசலில் கொதித்து, காற்று முகத்தில் அடிக்கும்போது ஆறுவதுதானே வண்டிகளின் வழக்கம்? இது தலைகீழாக இருக்கிறதே!

காலை 11.00. நெஸ்டரின் பட்டறை.

"அண்ணே, ரேடியேட்டர் புதுசுதானா?"

"ஒந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணவா? உம்புருஷன் தண்ணி ஊத்த மறந்திருப்பான், சோம்பேறி." பாப்பாவை வாங்கிக் கொஞ்சிக்கொண்டே சொன்னான். "ஞாயித்துக்கிழமைக்குச் சட்டைகூடத் தெச்சாச்சு, தெரியுமா?"

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எல்லாத்தையும் நீயேதான் மாட்டினியா?"

"பின்ன? மூணு நாள் ஒரே ஓட்டம். கடைசி நாள் மத்தியானம் வண்டிக்கடியிலேயே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ரெனான் வண்டி மூக்குல இருக்கிற முன்ஜாலிய முடுக்கிட்டிருந்தான். அது ஒண்ணுதான் அவன் செஞ்சது."

சனிக்கிழமை மதியம் 2.20. வண்டி நிறுத்தத்தின் கூரைக்கு வெளியே விடாத மழை. பேட்டரி சரியில்லாததால் எஞ்சினை அணைக்காமல் பயணிகளுக்காகக் காத்திருந்தான் ரெனான். கிளாரிபெல் வழக்கம்போலப் பாப்பாவின் ஈரத்துணிகளை முன்ஜாலியில் தொங்கவிட்டாள். ரிப்பேருக்குப் பிறகு கிடைத்த ஒரே லாபம் அது. பத்தே நிமிஷத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

பக்கத்து வண்டிக்காரரின் மனைவி டெலியாவும் ஆசைப்பட்டுத் தன் துண்டைத் தன் வண்டியின் ஜாலியில் மாட்டினாள். அது சொதசொதவென்று உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது.

"ஒன்னோடது மட்டும் எப்படிடீ காயுது? மந்திரம் போட்டியா?"

கிளாரிபெல் இரண்டு ஜாலிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். டெலியாவின் துண்டு உள்ளே இழுபட்டிருந்தது. பாப்பாவின் துணி வெளியே புடைத்து ஆடியது. குனிந்து முகத்தை வைத்தாள். சோற்றுப்பானையைத் திறந்ததுபோல் சூடான காற்று அடித்தது.

மாலை 3.30. பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னாள். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். அவளே திருப்புளி எடுத்து ஜாலியைக் கழற்றினாள்.

"ஃபேன் சுத்துதான்னு பாத்தோம். எந்தப் பக்கம் சுத்துதுன்னு யாரும் பாக்கல. காத்த உள்ள இழுக்காம இது வெளிய தள்ளுது. நிக்கும்போது அதுவே ஓரளவு போதும். ஓடும்போது எதிர்காத்தும் இதுவும் முட்டிக்கிட்டு ரெண்டும் நின்னுபோகுது. ரெண்டு ஒயரையும் மாத்திச் சேத்திருக்கு."

"பாத்தியா! நான் அப்பவே..." ரெனான் துள்ளினான்.

"இரு. அண்ணன் சேத்த ஒயரெல்லாம் கறுப்பு டேப்பு. இந்த ரெண்டுல மட்டும் என்ன சுத்தியிருக்கு?"

வெள்ளைப் பிளாஸ்திரி. நெஸ்டரின் பார்வை மெல்ல ரெனானின் நெற்றிக்குப் போனது.

"குற்றவாளி நீதான்யா" என்றாள் கிளாரிபெல்.

ரெனானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டே ஒயருதான் பாக்கி இருந்துச்சு. மூணு நாளாத் தூங்காதவன், கையெல்லாம் வீங்கிப்போய்க் குறட்டை விட்டுட்டிருந்தான். எழுப்ப மனசு வரல. பாக்கெட்ல பிளாஸ்திரி இருந்துச்சு, சுத்திட்டேன்."

"தூக்கக் கலக்கத்துல நானே சேத்துட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றான் நெஸ்டர்.

கிளாரிபெல்லுக்குக் கண் கலங்கியது. இந்த அன்பை வைத்துக்கொண்டா இத்தனை நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்!

4.45. ஒயர்களை மாற்றிச் சேர்த்தாயிற்று. அம்லான் சாலையில் நாற்பது, ஐம்பது, அறுபது. வெப்பமுள் நடுவிலேயே நின்றது. ரெனான் கண்ணாடி வழியே பின் சீட்டைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்க மச்சான். இனிமே நீ தூங்கினா எழுப்பிடறேன்."

பின் சீட்டில் பாப்பாவை மடியில் வைத்திருந்த நெஸ்டர் அவள் பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

"நாளைக்குக் கோயில்ல மறக்காம எழுப்பு. பாதர் பிரசங்கம் நீளும். புள்ள எங்கையில இருப்பா."