எண்ணெய்க் குழி

லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் சர்மிளா வந்து இறங்கியபோது, லொறியிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியில் விசிறிகள் இரைந்தன. தேயிலை வாசனைக்கு அடியில் வேறொரு வாடை அடித்தது. மண்ணில் ஊறிப்போன பழைய எண்ணெய்.

அந்த எண்ணெய்தான் சரிவில் இறங்கி, கீழே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்கள் ஊற்றுக் குழாயில் பிடிக்கும் பீலித் தண்ணீரைக் கெடுத்திருந்தது. கறுத்த மண்ணைத் தோண்டி அகற்றி, நல்ல மண் நிரப்பித் தருவது சர்மிளாவின் வேலை. கொட்டகலைக்காரி. இதுபோல வேறு இடங்களையும் சுத்தம் செய்தவள். தோண்டுவதற்குத் தொழிற்சாலையிலிருந்து துஷாந்தை அனுப்பினார்கள்.

தோண்டிய குழியில் ஊறிய எண்ணெயை மாலையில் பம்பு வைத்து இறைத்தார்கள். காலையில் விளிம்புவரை நிறைந்திருந்தது. மறுபடி இறைத்தார்கள். மறுபடி நிறைந்தது.

ஒரு நாள் மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. குழிக்குள் துஷாந்தின் தொப்பி மட்டும் தெரிந்தது. மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"மிஸ், கூப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"கயித்தக் கீழ விடுங்கன்னு ஒரு கொரலு கேட்டுச்சு."

விசிறி இரைச்சலையும் மீறி அவளுக்கும் ஏதோ கேட்டது.

டொக்.

இரும்பை உள்ளிருந்து தட்டும் சத்தம். துஷாந்தின் காலடியிலிருந்து.

"ஏறி வாங்க" என்றாள், மெதுவாக.

கயிற்றைப் பிடித்து ஏறியவன் பாதியில் நின்றான்.

"கால விட மாட்டேங்குறாங்க, மிஸ்."

அவள் குப்புறப் படுத்து, அவன் இரு கைகளையும் பற்றி இழுத்தாள். சேறு உறிஞ்சும் ஓசையோடு மேலே வந்து விழுந்தான். ஒரு பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது. வெறும் கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"சின்னராசாண்ணன்" என்றான், பல் கிட்டிக்க. "நாங்க சின்னப்புள்ளைங்களா இருந்தப்ப எண்ணெ டேங்க் கழுவ எறங்குனாரு. கொழும்புக்கு ஓடிட்டாருன்னு ஆபிஸ்ல சொன்னாங்க. அந்த வாரமே டேங்குக்கு மேல மண்ணப் போட்டு மூடிட்டாங்க. அவரு சம்சாரம் அழகம்மாக்கா இன்னும் பொட்டு அழிக்கல."

பேசாமல் குழியை நிரப்பிவிட்டுப் போகும்படி முகாமையாளர் சொன்னார். சர்மிளா அவர் முன்னாலேயே பொலிஸுக்குப் போன் செய்தாள்.

பொலிஸார் வந்து டேங்கை வெட்டித் திறந்தார்கள். ஒரு எலும்புகூட இல்லை.

மூடியின் உட்புறம் முழுக்க நகக் கீறல்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சர்மிளாவும் துஷாந்தும் டேங்கை அப்புறப்படுத்தி, கறுப்பு மண்ணை ஏற்றி அனுப்பி, புதுமண் கொட்டி மட்டம் செய்தார்கள். எண்ணெய் பிறகு ஊறவில்லை. ஆனாலும் சர்மிளாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பீலித் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க ஒரு பகலில் லயத்துக்கு இறங்கினாள். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். அழகம்மாவின் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. வாசல் சிமெந்தில் எண்ணெய்க் கறுப்பாய் வெறுங்கால் தடங்கள்.

உள்ளே போனவை மட்டும்.

தலை நிறையப் பூ வைத்திருந்த அழகம்மா கதவருகே வந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க, மிஸ். இப்பதான் கண்ணசந்தாரு."

அவள் தோளுக்குப் பின்னால், இருட்டுக்குள், கட்டிலில் ஒரு கம்பளி மெல்ல உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.