சிட்டிபாபுவின் நூறு வாட்

சுகாசினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை வேண்டாம், புடவையைக்கூட அவளே எடுத்துக்கொள்வாள். "அந்தப் பொட்டியும் என்கூட வரணும்" என்றாள்.

ஆகவே கல்யாணத்துக்கு முந்தின வாரம், வெயில் தாழ்ந்த நேரத்தில், சத்யராஜ் ஒரு குட்டியானை வண்டியோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

பெட்டி என்றது கிடார் ஆம்ப்ளிஃபையரை. அவளுடைய முதல் கணவன் சிட்டிபாபு கையால் கட்டியது. மைக்செட் தொழில் செய்தவன், ஓய்ந்துபோன பழைய செட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரையும் கண்ணாடி வால்வுகளையும் பிடுங்கி, நூறு வாட்டுக்கு ஒரு மிருகத்தை உண்டாக்கிவிட்டு, வாலாஜாபாத் சாலையில் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அவனைக் குழியில் இறக்கியபோது வீட்டில் இருந்த பெட்டி தானாக முனகியது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டியதில்லை. இனி வரப்போவதை நம்பினால் போதும்.

உள்ளறை இருட்டாக இருந்தது. மூலையில் துணி போர்த்திய பெட்டி. கிட்டப் போனதும் கிராம்பு வாசனை அடித்தது. சிட்டிபாபு எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பான், தொண்டைக்கு நல்லது என்று.

"டெய்லி தொடைப்பியா?"

"தூசி சேருது இல்ல" என்றபடி சுகாசினி போர்வையை நீவிவிட்டாள். துணியை நீவுகிற கையாக அது இல்லை. தோளை நீவுகிற கை.

சத்யராஜ் அந்தக் கையையே பார்த்தான். செத்தவன்மேல் பொறாமைப்படுவதில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. அவன் இனிமேல் ஒரு தப்பும் செய்யமாட்டான்.

பிள்ளையார்பாளையத்தில் சத்யராஜ் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் பெட்டி வந்தது. சுகாசினியும் கூட வந்தாள். அவன் கிடாரைச் செருகி, தனக்குத் தெரிந்ததிலேயே நல்ல பாட்டாக எடுத்து வாசித்தான். வால்வுகள் நான்கும் செக்கச்செவேலென்று கனன்றன. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அப்படியே அவரு சத்தம்" என்றாள்.

வாசித்தவன் கையைக் கீழே போட்டான்.

அதே நேரம் அடுத்த வீட்டு நெசவாளர் கோதண்டபாணி வந்து நிலைப்படியில் நின்றார். "சத்யராஜு, ஒன் பொட்டி உறுமினா என் தறியில பாவு நடுங்குதுபா. இழை அறுந்துக்கினே இருக்குது. கொஞ்சம் கொறைச்சுக்கோ."

இதைவிட நல்ல சாக்கு வேறு கிடைக்குமா? பெட்டியைத் தூக்கிப் போட்டால் பொறாமை என்று ஊர் சொல்லும். சத்தத்தைக் குறைத்தால் பக்கத்து வீட்டுக்கு உபகாரம். சிட்டிபாபுவை இல்லாமல் ஆக்கமுடியாது, சரி. பாதியாக்கலாமே.

மறுநாள் சாயங்காலம் கோதண்டபாணியை சாட்சிக்கு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். எலக்ட்ரீசியன் என்பதால் முறை தெரியும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, வெளிப்பக்கத்து வால்வுகள் இரண்டையும் கழற்றினான். வால்வு பாதியானதற்கு ஏற்ப ஸ்பீக்கர் சுவிட்சை எட்டு ஓமிலிருந்து நாலுக்குத் திருப்பினான்.

"வலத்துல ஒன்னு, இடத்துல ஒன்னு" என்று விளக்கினான். "ஒருத்தன் தள்ளுவான், ஒருத்தன் இழுப்பான். ஒரே பக்கத்துல எடுக்கக்கூடாது."

"கோர்வைத் தறி மாதிரி சொல்லு. நான் சேலை ஒடலு நெய்வேன், கரைக்கு பக்கத்துல ஒரு ஆளு ஒக்காந்து நூல் நாடா தள்ளுவான்." கோதண்டபாணி காலியான குழிகளை எட்டிப் பார்த்தார். "ஆமா, இங்க என்னத்த வெச்ச?"

"ஒன்னும் வெக்கல."

"அதெப்படி? கரை ஆளு எழுந்து போனா பலகை மேல நாடாவை வெச்சிட்டுத்தான் போவான். காலி எடத்தைச் சும்மா விட்டா யாராச்சும் வந்து ஒக்காந்துக்குவாங்கபா. ஒக்காந்தா அப்புறம் எழுப்ப முடியாது."

சத்யராஜ் சிரித்தான். வால்வுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வாட் பாதியானால் காதுக்குப் பாதியாகாது. சத்தம் லேசாகத்தான் இறங்கும். பெட்டியும் லேசாகத்தான் இறங்கியது. டீக்கடையில் "ஸ்ட்ராங்கா ஒன்னு" என்று சத்யராஜ் கேட்டபோது, மாஸ்டர் "என்னா?" என்று திரும்பக் கேட்டதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சுகாசினி வந்து கேட்டுவிட்டு, "இப்பதான் இன்னும் கிட்ட வந்து வாசிக்கிற மாதிரி இருக்குது" என்றாள். 'யார்' என்று சொல்லவில்லை.

அன்றே மிச்சமிருந்த இரண்டு வால்வுகளின் வயரை மாற்றிப் பூட்டி, பலத்தை மறுபடியும் பாதியாக்கினான். மறுநாள் பஸ்ஸில் கத்திக் கத்தி டிக்கெட் கேட்டான். கண்டக்டர் அவனைத் தாண்டிப் போனார்.

அடுத்த நாள் கடைசி இரண்டையும் பிடுங்கிவிட்டான். பெட்டியில் இப்போது கனல ஒன்றும் இல்லை. பிளக் சுவரில் இல்லை.

கிராம்பு வாசனை மட்டும் அறை முழுக்க இருந்தது.

சுகாசினி போனில் கூப்பிட்டாள். "ஹலோ. ஹலோ. சத்தமே வரலைங்க."

"நான்தான்" என்றான். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க."

அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஆங், இப்ப நல்லா கேக்குது" என்றாள் அவள்.

பிறகு சிரித்தாள். நடுவில் "ம்" கொட்டினாள். வெட்கப்பட்டாள். "நாளைக்கு கோயில்ல பார்க்கலாம்" என்று சொல்லி போனை வைத்தாள்.

பெட்டியின் முன்பக்கத்துத் துணி மெல்ல மூச்சு விடுவதுபோல உப்பித் தணிந்தது.

கல்யாணத்தன்று விடிந்ததும், போன குரல் திரும்பட்டும் என்று, சத்யராஜ் முதல் வேலையாக வால்வை எடுத்துப் பழைய குழியில் செருகப் பார்த்தான். மின்சாரமே இல்லாத குழி, கையைச் சுட்டது. வால்வு இறங்கவில்லை. நெருக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் முட்டியில் இடிப்பதுபோல இருந்தது.

நான்கு குழியும் அப்படித்தான்.

மாதா கோயிலுக்குப் பெட்டியும் வந்தது. சுகாசினி ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்திருந்தாள். பாடகர் குழுவின் பக்கத்தில், பீடத்தைப் பார்த்தபடி நின்றது. உயிரில்லை என்று பார்த்துவிட்டு வாத்தியக்காரர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நான்கு வால்வும் சத்யராஜின் கோட்டுப்பையில் இருந்தன. இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் கொஞ்சம் தைரியமாக மூச்சுவிட்டான். ஒரு வார்த்தைதான். அதைச் சபை கேட்கும்படி சொல்லிவிட்டால் அவள் அவனுடையவள்.

"சத்யராஜ், சுகாசினியை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாயா?" என்று ஃபாதர் கேட்டார்.

அடிவயிற்றிலிருந்து திரட்டிச் சொன்னான்.

உதடு அசைந்தது.

ஃபாதர் காதைச் சாய்த்தார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

கோட்டுப்பை சூடானது.

"சம்மதிக்கிறேன்."

கணீரென்ற குரல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கடைசி பெஞ்சில் இருந்த கோதண்டபாணி எழுந்தே நின்றுவிட்டார். மாப்பிள்ளைக்கு என்ன குரல் என்று சபை முழுக்கச் சந்தோஷ முணுமுணுப்பு. சுகாசினியின் முகம் மலர்ந்தது. அந்த முகம் சத்யராஜின் பக்கம் திரும்பவில்லை. பாடகர் குழுவின் பக்கம் திரும்பியது.

ஃபாதர் ஆசீர்வதித்தார். மோதிரம் மாற்றினார்கள்.

பந்தியில் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கப்போன சத்யராஜின் கை நின்றது. நாக்குக்கு அடியில் ஏதோ உறுத்தியது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தான்.

வெகுநேரம் அடக்கி, ஊறிப்போன ஒரு கிராம்பு.

"துப்பாதீங்க" என்று சுகாசினி அவன் காதோடு சொன்னாள். "தொண்டைக்கு நல்லது."