மூன்றாவது கேள்வி

அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குக் காலையில் முதல் ஆளாக வருவது நர்ஸ்தான். ஷட்டரைத் தூக்குவாள், ஜன்னலைத் திறப்பாள், டீயை ஊதிக் குடித்துக்கொண்டே அன்றைக்கு வரப்போகிற இருபது பேரின் பாதுகாப்புப் படிவங்களில் மளமளவென்று டிக் அடிப்பாள். பெயர் சரிபார்த்தாயிற்று. எந்தப் பல் என்று சரிபார்த்தாயிற்று. ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று கேட்டாயிற்று. ஆளே வரவில்லை, அதற்குள் கேட்டாயிற்றாம்! சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர்களுக்கென்று இரண்டு படிவம் கூடவே. பத்து மணிக்கு மேல் தலைக்கு மேல் வேலை கிடக்கும், அப்போது யார் பேனாவைத் தேடுவது?

பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் ஒரு தையல்காரம்மா கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தாள். மரத்துப்போக வைக்கிற ஊசி இறங்கிய மூன்றாவது நிமிஷம் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, நாற்காலியிலேயே உயிர் அடங்கிப் போனாள். விசாரணைக்கு வந்தவர்கள் படிவத்தைப் புரட்டினார்கள். டிக் பளிச்சென்று இருந்தது.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க," என்றாள் நர்ஸ், கண்ணிமைக்காமல்.

ஆஸ்பத்திரி தப்பித்தது. அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இனி ஒழுங்காக ஒவ்வொருவரிடமும் கேட்பது என்று முடிவு செய்தாள், பாவம். ஆனால் மறுநாள் முதல் நோயாளியிடம் போனபோது மற்ற பேச்செல்லாம் வந்தது, அந்த மூன்றாவது கேள்வி மட்டும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்தவரிடமும் அப்படித்தான். இதை டாக்டரிடம் சொன்னால் பழையதும் வெளியே வருமே என்று வாயை மூடிக்கொண்டாள். காலை டிக் தொடர்ந்தது.

நோயாளிகளோ பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"எனக்கு ஒத்துக்காத மருந்துன்னு எதுவும் இல்லம்மா," என்றார் ஒரு பெரியவர். யார் கேட்டது என்று நர்ஸ் விழித்தாள். "உன்னைச் சொல்லல. தலைமாட்டுல நிக்கிறாங்களே, அவங்க கேட்டாங்க."

தலைமாட்டில் சுவர்தான் இருந்தது.

அதன்பின் தினமும் இதே கூத்து. வந்தவர்கள் கழுத்தைத் திருப்பிச் சுவருக்குப் பதில் சொன்னார்கள். கேட்பது நர்ஸ்தான் என்று நினைத்து டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சுவரோரம் போனால் மட்டும் கிராம்பு எண்ணெயின் நெடியையும் மீறிப் புதுத் துணியின் கஞ்சி வாசனை அடித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் பின்னறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே குழந்தை அழும் சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், நாற்காலியில் அவளுடைய ஏழு வயது மகள். பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து முன்பல் உடைந்து, சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு கணவன். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று வயதில் தாடையில் தையல் போட்டபோது இதே மருந்துக்குத்தான் மகளின் முகம் பலூனாக வீங்கியது. அப்போது கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

'டாக்டர்' என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

வெறும் காற்றுதான் வந்தது.

மேஜைமேல் காலையில் டிக் அடித்த படிவம் இருந்தது. பேனாவைப் பிடுங்கி, 'ஊசி போடாதீங்க' என்று எழுதினாள். தாளில் விழுந்தது ஒரு டிக். மறுபடி எழுதினாள். இன்னொரு டிக்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "எல்லாம் கேட்டாச்சில்ல? சரி."

ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிடப் பார்த்தாள். தரை காலை விடவில்லை.

கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. ஆனால் இன்றைக்கு மகள் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

ஊசி இறங்கியது.

உதடு வீங்கத் தொடங்கியபோதுதான் நர்ஸின் கால்கள் தரையைவிட்டு எழுந்தன. குரல் எழவில்லை. ஆம்புலன்ஸில் டாக்டர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவன் மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். பெற்றவளால் அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள், மாற்று மருந்தோடு. அரை மணி நேரம் கழித்து வார்டு டாக்டர் வெளியே வந்து, குழந்தை பிழைத்துவிட்டாள் என்றார்.

"நல்லவேளை, முன்னாடியே போன் வந்துருச்சு. எந்த ஊசி, போட்டு எத்தனை நிமிஷம், எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

கணவன் தான் பேசவில்லை என்றான். பல் டாக்டரும் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ஒரு அம்மா பேசினாங்க. பேர் சொல்லல," என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண். போனை நீட்டினாள். "இன்னும் வைக்கல. குழந்தையோட அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணுமாம்."

நர்ஸ் பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது.

விஷயம் தெரியாத கணவன் போனை வாங்கி அவள் காதில் வைத்தான். "நன்றி சொல்லும்மா," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. போனில் அந்தத் தையல்காரம்மாவின் குரல், "அன்னிக்கு என்கிட்ட கேட்டீங்களா?" என்றது.

அத்தனை நேரம் ஒட்டிக்கிடந்த நாக்கு அப்போது தானாகப் பிரிந்தது.