புழுநீர்

கட்டை அவிழ்த்தபோது நாற்றம் வரவில்லை.

தையல்நாயகி குனிந்து மறுபடி முகர்ந்தாள். மூலக்குளத்து ஓட்டு வீடு முழுக்க நிறைந்து, சோற்றிலும் துவைத்த புடவையிலும்கூட ஒட்டிக்கொண்டிருந்த சீழ் நாற்றம் போய், மழை விட்ட தோட்டத்தைக் கிளறினால் எழும் ஈர மண் வாடைதான் அப்பாவின் காலிலிருந்து வந்தது.

வரும் திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மில்லில் தறி முன்னால் நின்றே வாழ்ந்த அப்பா காத்தவராயன் அதன்பிறகு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் வேலை பார்த்த கல்லூரி ஆய்வகத்திலோ, கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் மண்புழுவின் உடல்நீர் விட்ட இடம் மட்டும் கிருமி செத்துத் தெளிந்து கிடந்தது. மின்கம்பி நுனியால் தொட்டால் போதும். புழு அரண்டுபோய், முதுகுத் துளைகள் வழியே அந்த மஞ்சள் நீரைக் கசியவிடும். மனிதருக்குப் போடலாமா என்று யாரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சம். குப்பியில் எடுத்து வந்து தினமும் புண்ணில் விட்டாள்.

இன்று புண் மூடியிருந்தது. தோல் மட்டும் வழவழவென்று, காயாமல்.

"வலிக்குதாப்பா?"

"சன்னல சாத்தும்மா. வெளிச்சம் சுடுது."

சாத்தினாள். கால் பிழைத்துவிட்டது. அடுப்படிக்கு வந்து சத்தமில்லாமல் அழுதாள்.

சாயங்காலம் மழை ஓடுகளின் மேல் கொட்டத் தொடங்கியது. கரண்ட் போயிற்று. அப்பாவின் அறையிலிருந்து, ஈரத்துணியைத் தரையில் யாரோ இழுப்பதும், நிறுத்துவதும், மறுபடி இழுப்பதுமாக ஒரு சத்தம் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

விளக்கோடு போனாள். கட்டில் காலி.

தரையில், ஒழுகித் தேங்கிய தண்ணீரில், அப்பா குப்புறக் கிடந்தார். பக்கத்தில் அம்மா மணியம்மாள். கையில் அதே குப்பி.

"எம்மா, இன்னா பண்ற?"

"கத்தாதடி. பக்கத்து வூட்டு கமலா புள்ளைக்கு ஒடம்பெல்லாம் செரங்கு. கேட்டா." அம்மா சிரித்தாள். "கட்டிக்கிட்டு வந்ததுலேந்து உங்கப்பன் இப்பதான் உருப்படியா ஒண்ணு குடுக்குறாரு."

அப்பாவின் முதுகெலும்பு நெடுகத் துளைகள். வரிசையாக. ஒவ்வொன்றிலும் மஞ்சள் துளி.

"வெளக்கக் கிட்ட காட்டு. பயந்தா நெறய வருது."

அவள் காட்டவில்லை. விளக்கைப் பின்னால் இழுத்தாள். அப்படியும் வெளிச்சம் சரிந்து அவர்மேல் விழுந்தது.

அந்த உடம்பு இரண்டு பக்கமிருந்தும் சுருங்கியது. வளையம் வளையமாக.

காலைத் தேடினாள்.

எது தலை, எது கால் என்று தெரியவில்லை.