செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்

"வீல்ல்ல்..!"

அலறியது புருல். பிஷ்கெக்கில் அவள் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த துக்கக் கூடாரத்தில், புருஷனின் உடலுக்குப் பக்கத்திலேயே அவள் கையில் விலங்கு விழுந்தது.

"நான் விஷம் வைக்கலை எஜே! நாளைக்கு அடக்கம்... உடலை எடுக்கற வரைக்குமாவது விடுங்க!"

அக்கா முறையில் 'எஜே' என்று போலீஸ் கேப்டன் மீரிமிடம் கெஞ்சினாள். பாவம், என்ன செய்ய?

மீரிமின் மடியிலிருந்த கம்ப்யூட்டர் திரையில், லேப் வெப்சைட்டில் வந்த ரிப்போர்ட். செத்துப்போன புருஷன் சுயுன்பெக்கின் ரத்தத்தில் பூச்சிமருந்து! வெள்ளிக்கிழமை தேதி. கீழே லேப் தலைவர் டாக்டர் எர்கினின் கையெழுத்து.

வியாழன் மாலை மனைவி கொடுத்த டீயைக் குடித்தவன், அப்படியே சரிந்திருந்தான். உடலை அறுக்கக் குடும்பம் சம்மதிக்கவில்லை. ரத்தம் மட்டும்தான் சோதனைக்குப் போனது.

டாக்டர் எர்கின் துக்கம் விசாரிக்க வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க லேப் வெப்சைட்டைச் செஞ்சதே இந்தப் பையன்தான்..."

"பைகே, கோர்ட்டுக்கு இந்த ரிப்போர்ட் வேணும்." அண்ணன் முறையில் கேட்டாள் மீரிம்.

"திரையிலேருந்தே பிரிண்ட் போட்டுக்குங்க எஜே. நாங்க அப்படித்தான்."

"நீதிபதிக்கு ஃபைலாவே வேணுமாம்."

மீரிம் டவுன்லோட் பட்டனை அழுத்தினாள். ஃபைல் இறங்கியது. அதன் பெயரைப் படித்தாள்.

நெற்றி சுருங்கியது!

"புருல்... இந்த ஃபைலுக்குப் பேர் எப்படி வருது?"

"முன்னாடியெல்லாம் எதை இறக்கினாலும் 'டாக்குமென்ட்'னே விழும் எஜே. எது யாரோட ரத்தம்னு தெரியாம இவர் திட்டிக்கிட்டே இருந்தார். போன வாரம்தான் மாத்தினார். ஆளோட பேரு, அப்புறம் ரிப்போர்ட்டை முதல்ல டைப் பண்ணின தேதி. கம்ப்யூட்டரே போட்டுக்கும். திரையில தெரியாது... டவுன்லோட் பண்ணினாத்தான்!"

மீரிம் திரையை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

சுயுன்பெக். செவ்வாய்க்கிழமைத் தேதி.

"செத்தது வியாழன், பைகே. ரிப்போர்ட் மட்டும் செவ்வாயே ரெடியா?"

"அ... அது ஏதோ தப்பு..."

"லேப் ஆளுங்க கண்ணுல படாம முன்கூட்டியே டைப் பண்ணிட்டீங்க. உள்ளே தேதியைத் திருத்தினீங்க, ஃபைல் பேரு உங்க கண்ணுல படவே இல்லை! புருல், வியாழன் மத்தியானம் உன் புருஷன் எங்க இருந்தார்?"

"லேப்லதான்! டாக்டர் கூப்பிட்டு குதிரைப்பால் குமிஸ் குடுத்தாராம்..." விலங்குக் கையால் டாக்டரைக் காட்டினாள் புருல். "காசு வாங்கிக்கிட்டு டாக்டர் ரிப்போர்ட்டை மாத்தறார்னு என் புருஷனுக்குத் தெரியும் எஜே. வெளியே சொல்லிடுவேன்னார்!"

வாசலில் குதிரைக்கறி வேகவைத்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள்.

விலங்கு கை மாறியது. புருல் உடலின் காலடியில் விழுந்து அழுதாள். இப்போது யாரும் அவளை இழுக்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது டாக்டர் முனகினார்.

"அந்த ஃபைல் பேரை... மாத்தவே முடியாதா எஜே..?"

"முடியும் பைகே! அது தெரிஞ்ச ஒரே ஆளைத்தான் வியாழக்கிழமை நீங்க கொன்னுட்டீங்களே!"