கண்ணாடித் தாள் கூடாரம்

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அந்தச் சுருளின் மேல் விழுந்தன.

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றாள் அவள்.

"எடுக்கலைங்க... தொட்டீங்க," என்றான் அவன்.

நிமிர்ந்தாள். மழையில் நனைந்த தலை. அதற்குக் கீழே, சிரிப்பை ஒளிக்கத் தெரியாத இரண்டு கண்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்கக் கண்களைப் பார்த்தே சலித்தவள். ஆனாலும் கிளம்பிய கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது.

குளிர்காற்று புகாமல் ஜன்னலில் ஒட்டுகிற மெல்லிய கண்ணாடித் தாள் அது. அந்த ஹார்டுவேர் கடையில் மிச்சமிருந்தது இந்த ஒரு சுருள்தான். அக்காவின் பியூட்டி பார்லர் ஜன்னலுக்காக அவள் வந்திருந்தாள். அவனுக்கோ கூடாரம் செய்ய வேண்டுமாம்.

"இதுலயா? ஊதினா பறந்துடும்."

"அதுக்காகத்தாங்க இது."

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் தோளில் அடிபட்ட பிறகு கனமான மூட்டை சுமக்க முடியவில்லை. மலை ஏறுகிற ஆசையை விடவும் முடியவில்லை. இந்தத் தாளில் செய்தால் சட்டையைப் போல மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

ஜன்னலுக்குத் தேவை கொஞ்சம்தான். பங்கு போட்டுக்கொள்வதென்று முடிவானது. விரித்து வெட்டத் தரை வேண்டுமே... பார்லர் பக்கத்துத் தெருதான். நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள்.

விளிம்பை மடித்து நாடா ஒட்டினார்கள். கயிறு கட்ட மூலையில் ஓட்டை போட்டால் தாள் கிழியும் என்று, கூழாங்கல் ஒன்றைத் தாளில் பொதிந்து அதன் கழுத்தில் கயிறு கட்டினான். தாள் சும்மா இருக்கவில்லை. எழும்பி வந்து அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டது. அவன் மெதுவாக உரித்தான்... முடி ஒவ்வொன்றாக எழுந்து அவன் விரல் பின்னாலேயே போயிற்று.

அவன் மறுபடி வந்தான். அகலம் போதவில்லையாம். பிறகு நீளம் போதவில்லையாம். கடைக்குப் புதுச் சுருள் வந்ததும், முதலிலிருந்தே செய்கிறேன் என்று வந்து நின்றான்.

அன்று அவள் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. கதவைத் திறந்தால், அறைக்குக் குறுக்கே தாள். ஒரு முனையில் அவன். மறு முனையில் அக்கா. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்த நாளிலிருந்து அக்கா அப்படிச் சிரித்ததே இல்லை. தாயாக இருந்து வளர்த்தவள் சிரித்தால் சந்தோஷப்பட வேண்டாமா? இவளுக்கோ வயிறு எரிந்தது. அக்கா கண்ணுக்கு மை வேறு வைத்திருந்தாள்... யாருக்காம்?

"நல்லவேளை வந்தீங்க. இந்த மூலையைக் கொஞ்சம் பிடிங்க," என்றான் அவன்.

பிடித்தாள். கை காலியான அக்கா அவன் பக்கம் போய், காதருகே ஏதோ சொன்னாள். அவன் தலைகுனிந்து சிரித்தான். அவ்வளவுதான்... வெடுக்கென்று இழுத்தாள். தாள் நடுவரைக்கும் கிழிந்தது.

அவன் கிழிசலைத் தடவிப் பார்த்தான். நாளைக்கு மலைக்குக் கிளம்புவதாகவும், வீட்டில் வைத்து ஒட்டிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அவளைப் பார்க்கவே இல்லை.

"கை வழுக்கிடுச்சு," என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

அக்கா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "எங்கிட்டயேவா? உனக்கு நடந்து பழக்கம் உண்டா, குளிர் தாங்குவியா... வந்த நாள்லேர்ந்து உன்னைப் பத்தி இதையேதான்டி அவன் எங்கிட்ட கேட்டுட்டிருக்கான். அதை நீயே அவகிட்ட கேளுன்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சான்."

அவள் அவன் போன வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனை எனக்கும் பிடிச்சிருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா, முகத்தைக் காட்டாமல். "ஒரு வாரம் ஆசையா இருந்துச்சு. அவன் யாருக்காக வர்றான்னு புரிஞ்சதும் விட்டுட்டேன். நீ போய்ப் பேசு. உன் வீம்பால அவனை விட்டுட்டேன்னா, நான் விட்டது வீண்டி."

அவள் அக்காவைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அக்கா அவளை வாசல் பக்கம் தள்ளிவிட்டாள்.

தன் குடியிருப்புக்கு எதிரே உள்ள பூங்காவில்தான் கூடாரத்தைக் கட்டிப் பார்ப்பதாக அவன் சொல்லியிருந்தான். அங்கே ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு. அதன் மேல் தாள். நடுவில் நீளமாக ஒரு நாடாத் தையல். உள்ளே அவன் குந்தியிருந்து, எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடித் தாள் வழியே அவள் முகம் தெரிந்தது. நகர்ந்து இடம் கொடுத்தான்.

தலைக்கு மேல் துளிகள் விழுந்து, உடைந்து, ஓடின.

"நான் வேணும்னேதான் கிழிச்சேன்," என்றாள்.

"தெரியும்."

"ஏன்னு தெரியுமா?"

"அதுதான் தெரியலை. என்னைக் கண்டாலே பிடிக்கலையோன்னு..."

"பொறாமை. எங்க அக்கா மேலயே பொறாமைப்பட்டேன். வெட்கமா இருக்கு."

அவன் ஒழுகிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினான்.

"முதல் நாள் செஞ்சதே எனக்குப் போதும்ங்க," என்றான். "ஒத்த ஆளுக்கு அது தாராளம். அகலம் போதலை, நீளம் போதலைன்னு சொன்னது எல்லாம்... உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தத் தாளாவது பிழைச்சிருக்கும்."

"இப்ப சொன்னா?"

அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள்... இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். "குளிரும் தாங்குவேன்."